பதினைந்து நொடி மௌனம்

கணிப்பொறித் திரையின் தெளிதிறனை மாற்றப் போய், முழுத் திரையையும் இருட்டாக்கிக்கொண்டவர்கள் நம்மில் அநேகர். பட்டியலில் பெரிய எண்ணாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். சொடுக்கிய மறுகணம் திரை கறுத்துவிடுகிறது. சற்று நேரத்தில் அந்தக் கறுப்பின் நடுவே சிறு பெட்டி ஒன்று மிதந்து வருகிறது. 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்றோ, 'இன்புட் நாட் சப்போர்ட்டட்' என்றோ அதில் எழுதியிருக்கிறது. கணிப்பொறி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விசிறியின் இரைச்சல் கேட்கிறது. பாட்டு ஏதும் ஒலித்துக்கொண்டிருந்தால் அதுவும் நிற்பதில்லை. பார்வை மட்டும் போய்விட்டது.

இச்சிக்கலின் விசித்திரம் அதன் முடிச்சில் இருக்கிறது. பழைய அளவுக்குத் திரும்புவதற்கான பொத்தான் அதே திரையில்தான் இருக்கிறது. அந்தத் திரையோ தெரியவில்லை. சாவியைப் பெட்டிக்குள் வைத்தே பெட்டியைப் பூட்டிய கதை இது.

இதற்கு இன்று முதல் மருந்து, எதையும் தொடாமல் 15 நொடி காத்திருப்பது. பெரும்பாலும் திரை தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அற்பமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டை எட்டுவதற்குக் கணிப்பொறி உலகம் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தது. கணிப்பொறியும் திரையும் ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொண்ட வரலாறு அதில் ஒரு பாதி. எதிரே அமர்ந்திருக்கும் மனிதரின் மௌனத்துக்கு என்ன பொருள் கொள்வது என்று பொறி கற்றுக்கொண்ட வரலாறு மறுபாதி. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

வரியும் தாளமும்

தட்டைத் திரைகள் வருவதற்கு முன்பு நம் மேசைகளில் இருந்தவை, பின்புறம் பானைபோலப் பருத்த கண்ணாடிக் குழாய்த் திரைகள். ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897இல் உருவாக்கிய குழாயின் வழித்தோன்றல்கள் அவை. குழாயின் பின்முனையிலிருந்து எலெக்ட்ரான் கற்றை ஒன்று முன்கண்ணாடியை நோக்கிப் பாயும். அது பட்ட இடத்தில் பாஸ்பரப் பூச்சு ஒளிரும். கற்றையை இடமும் வலமும் மேலும் கீழும் திருப்புபவை குழாயின் கழுத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்கள்.

தாளில் எழுதுகிற கையை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். கை இடப்புறம் தொடங்கி வலப்புறம் வரை ஒரு வரியை எழுதுகிறது. பின்பு எதையும் எழுதாமல் இடப்புறத்துக்குத் திரும்புகிறது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று போய்ப் பக்கத்தின் அடியைத் தொட்டதும், மீண்டும் எழுதாமல் உச்சிக்குத் தாவுகிறது. கற்றையும் அவ்வாறே. எழுதாமல் திரும்பும் பயணத்துக்கும் நேரம் பிடிக்கும் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

640 புள்ளி அகலமும் 480 வரி உயரமும் கொண்ட புகழ்பெற்ற வி.ஜி.ஏ. படத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிவது 640 புள்ளிகள். ஆனால் ஒரு வரிக்கு ஒதுக்கப்பட்ட நேரம் 800 புள்ளிகளுக்கானது. எஞ்சிய 160 புள்ளிகளின் நேரம் கற்றை திரும்புவதற்கும், அதற்கு முன்னும் பின்னும் வேண்டிய இடைவெளிக்கும் போகிறது. அவ்வாறே தெரிவது 480 வரிகள். ஒதுக்கப்பட்டது 525 வரிகள். நொடிக்கு 2 கோடியே 51 இலட்சத்து 75 ஆயிரம் புள்ளிகள் என்ற வேகத்தில் அட்டை புள்ளிகளை அனுப்புகிறது. இதை 800ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 31,469 வரிகள். அதை 525ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்கள். முன்னது கிடைமட்ட அதிர்வெண், பின்னது செங்குத்து அதிர்வெண்.

தெளிதிறன் என்று நாம் பட்டியலில் காணும் எண், உண்மையில் இந்தத் தாளத்தின் மேற்பூச்சுதான். 800 x 600 என்று மாற்றினால் கிடைமட்ட அதிர்வெண் சுமார் 37.9 கிலோஹெர்ட்ஸ் ஆகிறது. 1024 x 768 என்றால் 48.4. 1280 x 1024 என்றால் 64. இவை யாவும் நொடிக்கு 60 படம் என்ற கணக்கில். அதே 1024 x 768ஐ நொடிக்கு 85 படமாகக் கேட்டால் 68.7க்குப் போய்விடும். ஒரு திரையின் சுருள்களும் மின்சுற்றும் 50 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஈடுகொடுக்கும் என்றால், அதற்கு மேல் கேட்பது மத்தளக்காரரின் விரல் போகாத வேகத்தில் பாடுவதற்கு ஒப்பாகும். பாட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். படம் கிழிந்த துணிபோல் சாய்ந்து சிதறும், அல்லது மறைந்துபோகும்.

கருகக்கூடிய திரைகள்

படம் சிதறுவதோடு போனால் அது தொல்லை மட்டுமே. ஆரம்ப காலத்தில் அதற்கும் மேலே போக வாய்ப்பிருந்தது.

ஐ.பி.எம். தன் தனியாள் கணிப்பொறியை 1981 ஆகஸ்டில் வெளியிட்டபோது இரு வகைப் பட அட்டைகளை விற்றது. எம்.டி.ஏ. என்ற ஒற்றை நிற அட்டை எழுத்துகளை மட்டும் காட்டும். நொடிக்கு சுமார் 18,430 வரிகள், 50 படங்கள். சி.ஜி.ஏ. என்ற வண்ண அட்டை தொலைக்காட்சியின் தாளத்தை ஒட்டி, நொடிக்கு சுமார் 15,700 வரிகளும் 60 படங்களுமாக ஓடியது. ஒன்றின் தாளம் மற்றதற்குப் பொருந்தாது. ஆனால் இரண்டுக்கும் ஒரே வடிவிலான ஒன்பது ஊசிச் செருகியையே பொருத்தியிருந்தார்கள். ஒன்றின் கம்பியை மற்றதில் செருக முயன்றால், தடுப்பது எதுவுமில்லை.

எம்.டி.ஏ. அட்டைக்கு இணையான 5151 என்ற பச்சைத் திரைக்குக் கிடைமட்டத் தாளத்தைத் தானே உண்டாக்கும் அலையியற்றி கிடையாது. கணிப்பொறி அனுப்பும் ஒத்திசைவுத் துடிப்பு நேராகக் கற்றையைத் திருப்பும் சுற்றையே இயக்கியது. குழாய்க்கு வேண்டிய உயர் மின்னழுத்தமும் அதே சுற்றிலிருந்துதான் பிறந்தது. துடிப்பு தாமதித்து வந்தால் சுருளில் மின்னோட்டம் வழக்கத்தைவிட நெடுநேரம் ஏறிக்கொண்டே போகும், டிரான்சிஸ்டர் சூடேறும். அட்டையிலிருந்த மோட்டரோலா 6845 சில்லோ, நிரல் எழுதுபவர் சொல்லும் எந்த எண்ணையும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். ஆகவே தவறான சில எண்களை எழுதும் ஒரு நிரல், ஒரு திரையைப் பழுதாக்க முடிந்தது. மென்பொருளால் வன்பொருளுக்குச் சேதம் விளையாது என்று பொதுவாகச் சொல்லப்படும் விதிக்கு இது விலக்கு.

கமடோர் நிறுவனம் 1977இல் வெளியிட்ட பெட் என்ற கணிப்பொறிக்கும் இதையொத்த கதை உண்டு. அதில் 59458 என்ற நினைவக முகவரியில் 62 என்ற எண்ணை எழுதினால் எழுத்துகள் திரையில் வேகமாக விழும் என்று பயனர்கள் கண்டுபிடித்தார்கள். ஆரம்பகாலப் பெட்களில் அது பயனுள்ள தந்திரம். பிற்பாடு சுற்றுகளை மாற்றி அமைத்த பெட்களில் அதே வரி, உள்ளிருக்கும் திரைக்கே கேடு செய்யக்கூடியதாயிற்று. 'கொலைகார போக்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. போக் என்பது பேசிக் மொழியில் நினைவகத்தில் எண்ணை எழுதும் கட்டளை.

இந்தக் கதைகளில் பொதுவாக ஒன்று தெரிகிறது. கணிப்பொறி பேசிக்கொண்டே இருந்தது. திரை கேட்டுக்கொண்டே இருந்தது. 'என்னால் முடியாது' என்று சொல்லத் திரைக்கு வழியே இருக்கவில்லை.

சைகை மொழி

முதல் மாற்றம் சைகையாக வந்தது. 1984இல் வந்த இ.ஜி.ஏ. அட்டை இரு தாளங்களில் பாடக்கூடியது. பழைய 200 வரிப் படமும் காட்டும், புதிய 350 வரிப் படமும் காட்டும். இரண்டில் எது வருகிறது என்று திரைக்கு எப்படித் தெரிவிப்பது? தனிக் கம்பி ஒன்றை இழுக்காமல், செங்குத்து ஒத்திசைவுத் துடிப்பின் திசையைத் தலைகீழாக்கினார்கள். துடிப்பு மேல்நோக்கி வந்தால் ஒரு பொருள். கீழ்நோக்கி வந்தால் வேறு பொருள்.

1987இல் பி.எஸ்/2 கணிப்பொறிகளோடு வந்த வி.ஜி.ஏ. இதை விரிவாக்கியது. கிடைமட்டத் துடிப்புக்கு இரு திசை, செங்குத்துத் துடிப்புக்கு இரு திசை, ஆக நான்கு சைகைகள். அவற்றில் மூன்றைக் கொண்டு 350, 400, 480 என்ற மூன்று வரிக்கணக்குகளைக் குறித்தார்கள். கிடைமட்டத் தாளம் மூன்றுக்கும் ஒன்றே. திரை தன் உயரத்தை மட்டும் சைகைக்கேற்பச் சரிசெய்துகொண்டால் போதும்.

அதே வி.ஜி.ஏ. செருகியின் 15 ஊசிகளில் சில, எதிர்த்திசைக்கென ஒதுக்கப்பட்டன. திரையின் உள்ளே எந்த ஊசி தரையோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துக் கணிப்பொறி அது எவ்வகைத் திரை என்று ஊகிக்கலாம். நான்கைந்து திரைகள் மட்டுமே இருந்த உலகுக்கு அது போதுமானது. உலகம் அப்படியே நிற்கவில்லை.

1980களின் நடுவில் ஜப்பானிய நிறுவனமான என்.இ.சி. 'மல்டிசிங்க்' என்ற திரையைக் கொண்டுவந்தது. ஒரே தாளத்துக்குக் கட்டுப்படாமல், சுமார் 15 முதல் 35 கிலோஹெர்ட்ஸ் வரை எது வந்தாலும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் திரை அது. ஒரு திரை, பல அட்டைகள். பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அட்டை செய்பவர்கள் ஆளுக்கொரு தெளிதிறனை அறிவித்தார்கள். 1989இல் என்.இ.சி.யும் அட்டை நிறுவனங்கள் சிலவும் சேர்ந்து வெசா என்ற அமைப்பை உருவாக்கியதன் உடனடி நோக்கம், 800 x 600 என்ற ஒரே ஒரு தெளிதிறனையாவது எல்லோரும் ஒரே தாளத்தில் காட்டச் செய்வதுதான்.

எனினும் சுதந்திரம் பெருகப் பெருக விபத்தும் பெருகியது. ஒரே தாளத்தில் இயங்கும் திரையில் தவறாகத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. பல தாளங்கள் இயலும் என்றானபிறகுதான், எது இயலும், எது இயலாது என்ற கேள்வியே பயனரின் தலையில் வந்து விழுந்தது.

கையேட்டின் கடைசிப் பக்கம்

1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் தெளிதிறனை மாற்றுவது ஒரு சடங்கு. 'விண்டோஸ் செட்டப்' என்ற நிரலைத் திறந்து, இயக்கிகளின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸை மூடித் திறக்க வேண்டும். தேர்வு தவறென்றால் திறந்ததும் இருட்டு. மீட்சி டாஸில் இருந்தது. டாஸ் தன் 80 எழுத்து அகல, 25 வரித் திரையோடு எந்த வி.ஜி.ஏ. திரையிலும் தெரியும். அங்கே போய் விண்டோஸ் கோப்பகத்துக்குள் அதே செட்டப் நிரலை எழுத்து வடிவில் ஓட்டிப் பழைய இயக்கிக்குத் திரும்பலாம்.

இங்கே ஒரு கருத்து மெல்ல உருவாவதைக் காண்கிறோம். அதைத் தரைத்தளம் என்று அழைக்கலாம். மேல்மாடியில் என்ன ஆனாலும் எல்லாத் திரைகளுக்கும் பொதுவான எளிய நிலை ஒன்று கீழே இருக்க வேண்டும். விழுந்தவர் அங்கே வந்து நிற்கலாம். விண்டோஸ் 95இல் துவக்கத்தின்போது எஃப்8 விசையை அழுத்திப் பெறும் 'சேஃப் மோட்' அத்தகைய தரைத்தளம். 1996இல் வந்த விண்டோஸ் என்.டி. 4 இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. துவக்கப் பட்டியலிலேயே 'வி.ஜி.ஏ. மோட்' என்று இரண்டாவது வரி ஒன்று எப்போதும் காத்திருந்தது. திரை தெரியாதவருக்கு 640 x 480 என்ற தாய்மொழி.

லினக்ஸ் பயனர்களின் அனுபவம் இன்னும் கடினமானது. 1992இல் தொடங்கிய எக்ஸ்ஃப்ரீ86 திட்டத்தின் அமைவுக் கோப்பில், தம் திரை தாங்கும் கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண் எல்லைகளைப் பயனர் தாமே எழுத வேண்டும். அந்த எண்கள் திரையின் கையேட்டில், பெரும்பாலும் கடைசிப் பக்கத்து அட்டவணையில் இருக்கும். கையேடு தொலைந்தால் ஊகம்தான். இன்னும் துணிந்தவர்கள் 'மோட்லைன்' என்ற வரியைத் தாமே கணக்கிட்டு எழுதினார்கள். நாம் மேலே செய்த 800, 525 வகுத்தல் கணக்கே அந்த வரியின் உள்ளடக்கம். அதை எப்படி எழுதுவது என்று எரிக் ரேமண்ட் எழுதிய வழிகாட்டி அந்நாளில் பரவலாகப் படிக்கப்பட்டது. எல்லை மீறினால் திரை பழுதாகலாம் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. இங்கும் தரைத்தளம் உண்டு. கன்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரைகலைத் திரை மடிந்து எழுத்துத் திரை வந்துவிடும். அந்த மூன்று விசைகளை விரல்கள் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கும்.

இதே காலத்தில் குழாய்த் திரைகளுக்குள் நுண்செயலிகள் புகுந்தன. வருகிற துடிப்பை அளந்து, எல்லைக்கு வெளியே என்றால் கற்றையை நிறுத்திவிட்டு ஓர் அறிவிப்பைக் காட்ட அவை கற்றன. நாம் தொடக்கத்தில் பார்த்த மிதக்கும் பெட்டி இவ்வாறு பிறந்தது. சேதம் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. ஆனால் பெட்டி முறையிடுவது நம்மிடம். தவறு செய்துகொண்டிருக்கும் கணிப்பொறிக்கு அந்த முறையீடு கேட்பதே இல்லை.

வாய் முளைத்த கதை

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். திரைக்கு வாய் முளைத்தது 1994இல். வெசா அந்த ஆண்டில் டி.டி.சி. என்ற பேச்சுவழியையும், அதன் வழியே சொல்லப்பட வேண்டிய இ.டி.ஐ.டி. என்ற தகவல் வடிவத்தையும் வெளியிட்டது.

புதிய செருகி தேவைப்படவில்லை. வி.ஜி.ஏ. செருகியில் அடையாளத்துக்கென விடப்பட்டிருந்த ஊசிகளில் இரண்டு, அதாவது 12ஆவதும் 15ஆவதும், புதுவேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒன்றில் தகவல், மற்றதில் அதற்கான தாளம். பிலிப்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் சில்லுகளுக்கிடையே பேச உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி முறை இதற்குப் பயன்பட்டது.

சொல்லப்படும் தகவல் மொத்தம் 128 பைட். யூ.டி.எஃப்-8 முறையில் எழுதினால் சின்னக் குறள் ஒன்று அடங்கும் இடம். அதற்குள் அடக்கப்பட்டிருப்பவை வியப்பளிக்கும். முதல் எட்டு எண்கள் வணக்கம் சொல்வதுபோல எப்போதும் ஒன்றே: சுழியம், ஆறு முறை 255, மீண்டும் சுழியம். அடுத்து, செய்த நிறுவனத்தின் பெயர் மூன்று எழுத்தில். எழுத்துக்கு ஐந்து பிட் வீதம் இரண்டே பைட்டில் சுருக்கியிருப்பார்கள். பின்பு வரிசை எண், தயாரான வாரம், 1990இலிருந்து கணக்கிடப்பட்ட ஆண்டு. திரையின் அகலமும் உயரமும் சென்டிமீட்டரில். சிவப்பு, பச்சை, நீல நிறங்களின் சரியான சாயல். எந்தெந்தத் தெளிதிறன்களை எந்தத் தாளத்தில் தாங்கும் என்ற பட்டியல். கடைசி எண், முன்னவை எல்லாவற்றோடும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபடுமாறு வைக்கப்பட்டிருக்கும். வழியில் ஏதேனும் சிதைந்திருந்தால் கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும்.

கையேட்டின் கடைசிப் பக்கம் கம்பிக்குள் ஏறிக்கொண்டது என்று சொல்லலாம். இதன்பிறகு கணிப்பொறி தன் பட்டியலிலிருந்து திரைக்கு ஒவ்வாதவற்றைத் தானே நீக்கிவிட முடிந்தது. டி.வி.ஐ., எச்.டி.எம்.ஐ. என்று செருகிகள் மாறியபோதும் இந்த 128 பைட்டே அடித்தளமாகத் தொடர்ந்தது. குழாய்கள் மறைந்து தட்டைத் திரைகள் வந்தபின் கற்றையும் இல்லை, சுருளும் இல்லை, கருகும் அச்சமும் இல்லை. எனினும் கிடைமட்டம், செங்குத்து என்ற அதே இரு தாளங்களில்தான் உரையாடல் நீண்டகாலம் தொடர்ந்தது.

மறுப்பாகிய மௌனம்

திரைக்கு வாய் முளைத்தும் கதை முடியவில்லை. பழைய திரைகள் பேசமாட்டா. பேசும் திரையின் தகவலும் சில சமயம் பிழையாக இருக்கும். ஆகவே மூன்றாமவரான மனிதரிடம் கேட்டாக வேண்டியிருந்தது: படம் தெரிகிறதா?

இக்கேள்வியை விண்டோஸ் என்.டி. 4 ஒரு விதமாகக் கேட்டது. புதிய தெளிதிறனில் ஒரு சோதனைப் படத்தைச் சில நொடிகள் காட்டிவிட்டு, பழைய நிலைக்குத் திரும்பி வந்து, படம் சரியாகத் தெரிந்ததா என்று வினவியது. கேள்வி, நிச்சயம் தெரியும் என்று அறிந்த திரையில் கேட்கப்படுகிறது. பாதுகாப்பான முறை.

விண்டோஸ் 95, 98 வரிசை வேறு வழியைப் பின்பற்றியது. புதிய தெளிதிறனுக்கு மாறிய பின், அந்தப் புதிய திரையிலேயே கேட்டது: இந்த அமைப்பை வைத்துக்கொள்ளலாமா? கூடவே, படம் சரியாக வராவிட்டால் 15 நொடி பொறுத்திருங்கள், பழையதே திரும்பிவிடும் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தது.

இந்த இரண்டாம் முறையின் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திரை தெரிகிறவர் கேள்வியைப் படிப்பார், 'ஆம்' என்பார். திரை தெரியாதவர் கேள்வியையே காணமாட்டார். ஆகவே பதில் சொல்லமாட்டார். பதில் சொல்ல முடிந்ததே, படம் தெரிகிறது என்பதற்கான சான்று. பதில் வராததே, தெரியவில்லை என்பதற்கான செய்தி. பார்வையிழந்த நிலையிலிருக்கும் மனிதரிடம் இந்த ஏற்பாடு எதையும் கோருவதில்லை. எந்த விசையையும் அவர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. அவர் திகைத்து உட்கார்ந்திருந்தாலே போதும். அந்தத் திகைப்பே சரியான விடையாகிவிடுகிறது.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் வழக்கு. பெண் பார்க்கும் கூடத்திலிருந்து பஞ்சாயத்துத் திண்ணை வரை அந்த வழக்கின் பெயரால் எத்தனையோ பேருடைய வாய் அடைக்கப்பட்டிருக்கிறது. பேச முடியாதவரின் மௌனத்தையும் பேச விரும்பாதவரின் மௌனத்தையும் அது வேறுபடுத்துவதில்லை. அந்த வழக்கைத் தலைகீழாக்கியதுதான் இந்தச் சிறிய பெட்டியின் சாதனை. மௌனம் மறுப்புக்கு அறிகுறி என்று அது எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018இல் நடைமுறைக்கு வந்தபோது, மௌனமும் முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டிகளும் சம்மதம் ஆகா என்று அதன் முகவுரை தெளிவுபடுத்தியது. சட்டம் அங்கு வந்து சேருமுன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, தெளிதிறன் மாற்றும் பெட்டி அதைக் கடைப்பிடித்து வந்திருக்கிறது.

எஞ்சியிருக்கும் இருட்டு

இத்தனைக்குப் பிறகும் திரை இருண்டுபோவது நின்றுவிடவில்லை. காரணங்கள் வெளிப்படை. 15 நொடிக் காவல் மாற்றும் கணத்தில் மட்டுமே விழித்திருக்கிறது. 'ஆம்' என்று சொல்லி ஏற்ற அமைப்பு மறுநாள் வேறு திரையை இணைக்கும்போது பொருந்தாமல் போகலாம். முழுத்திரை விளையாட்டு ஒன்று தன் சொந்த அமைப்பில் தெளிதிறனை மாற்றிக்கொள்ளலாம். இடையில் வைத்த மாற்றுக் கம்பியோ பகிர்வுப் பெட்டியோ தகவல் ஊசிகளின் தொடர்பை அறுத்துவிட்டால் திரை மறுபடி ஊமையாகிவிடும். விண்டோஸ் அதைப் பெயர் தெரியாத பொதுத் திரையாகக் கருதி ஊகத்தில் இறங்கும். 'இத்திரை காட்ட இயலாதவற்றை மறை' என்ற குறியைப் பழைய விண்டோஸ் பதிப்புகளில் வேண்டுமென்றே எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

அப்போது செய்யக்கூடியவற்றின் வரிசையும் இந்த வரலாற்றின் வரிசையே. முதலில் 15 நொடி பொறுப்பது. அல்லது எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்துவது. அடுத்து, கூடுதலாகத் தாங்கும் வேறொரு திரையையோ தொலைக்காட்சியையோ இணைத்து, அதில் தெரியும்போது தெளிதிறனைக் குறைத்துவிட்டுப் பழைய திரைக்குத் திரும்புவது. அதுவும் இயலாதபோது தரைத்தளத்தைத் தேட வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் துவங்கும் வேளையில் மின்பொத்தானை நீண்டநேரம் அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை எளிய வடிவில் தோன்றும். அங்கே 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்' என்று போய் மறுதுவக்கம் செய்து, வரும் பட்டியலில் 3ஆம் எண்ணை அழுத்தினால் குறைந்த தெளிதிறனில் கணிப்பொறி விழிக்கும். வட்டு பூட்டப்பட்டிருந்தால் பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அதை முன்பே எடுத்துவைத்திருப்பது நல்லது. லினக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போகலாம். அதுவும் தெரியாவிடில், துவக்க வரியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்ப்பது கடைசி வழி.

இவ்வழிகள் எல்லாவற்றிலும் முதலாவது மட்டுமே எந்த அறிவையும் கோராதது. மற்றவை யாவும் யாரேனும் சொல்லித் தர வேண்டியவை. வேறொரு கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ தேடிப் படிக்க வேண்டியவை. இரவில் தனியே, அருகில் கேட்க ஆளின்றி, மறுநாள் காலைக்குள் முடிக்க வேண்டிய வேலையோடு இருண்ட திரைமுன் அமர்ந்திருப்பவருக்கு அந்த வேறுபாடு மிகப் பெரிது.

ஆகவே புதிதாக எந்தப் பொறியைச் செய்பவரும், எந்தப் படிவத்தை வரைபவரும் இந்தப் பழைய பெட்டியிடம் ஒரு கேள்வியைக் கடன் வாங்கலாம். நாம் கேட்பது எதிரே இருப்பவருக்குத் தெரியாமலேயே போனால் என்ன ஆகும்? அவர் பதிலளிக்காவிட்டால் முன்பிருந்த நிலைக்கே அவரைக் கொண்டுபோய் விடுமா, அல்லது அவர் கேளாத ஓரிடத்தில் இருட்டில் நிறுத்திவைக்குமா? தெளிதிறன் பெட்டி 15 நொடி எண்ணிவிட்டு முன்னதையே செய்கிறது.